வாகன மாற்றங்களும் உற்பத்தியாளர் உத்தரவாதமும்

உற்பத்தியாளர் உத்தரவாதம் என்பது, புதிய வாகனம் ஒன்றில் குறிப்பிட்ட காலத்துக்குள் அல்லது குறிப்பிட்ட கிலோமீட்டருக்குள் மூலப்பொருளாலோ செய்நேர்த்தியாலோ தோன்றும் குறைபாட்டைத் தன் செலவில் சரிசெய்து தருவதாக அதனைத் தயாரித்த நிறுவனம் அளிக்கும் எழுத்துவழி உறுதிமொழி ஆகும். பேச்சுவழக்கில் இது வாரண்டி எனப்படுகிறது. வாகனத்தின் திறனைக் கூட்டவோ தோற்றத்தை மாற்றவோ உரிமையாளர் செய்யும் மாற்றங்கள் இந்த உறுதிமொழியின் எல்லையைப் பாதிக்கின்றன. சைலன்சரை மாற்றினால் வாரண்டி முழுவதும் போய்விடும் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது பாதி உண்மையே. பழுதுக்கும் மாற்றத்துக்கும் இடையே காரணத் தொடர்பு உள்ளதா என்பதே இதில் அடிப்படைக் கேள்வி ஆகும். எனினும் அக்கேள்வியைக் கட்டாயம் கேட்டாக வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறும் சட்டம் இந்தியாவில் இல்லை.

வட சென்னைப் பின்னணி

இப்பொருளின் இரு முகங்களையும் சென்னையின் வடக்குக் கடற்கரையில் ஒருசேரக் காணலாம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் இந்தியாவின் பழைமையான வாகன நிறுவனங்கள் இரண்டு வளர்ந்தன. 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களை ஒருங்கிணைத்து வந்தது. பின்னர் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்துடன் இணைந்து 1955இல் அசோக் லேலண்ட் என்ற பெயரைப் பெற்று, லாரிகளும் பேருந்துகளும் தயாரிக்கும் நிறுவனமாக மாறியது. அதே 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. அதன் திருவொற்றியூர் ஆலையில் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் பல பத்தாண்டுகள் தயாரிக்கப்பட்டன. 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் திறக்கப்பட்ட பின்னர் உற்பத்தியின் பெரும்பகுதி அங்கே சென்றது.

இந்தியாவில் உரிமையாளர்களால் மிகுதியாக மாற்றியமைக்கப்படும் மோட்டார் சைக்கிள்களுள் புல்லட்டும் ஒன்று. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட வண்டியில் கார்புரேட்டரும் பாயிண்ட் தீமூட்டலும் இருந்தன. ஜெட்டை மாற்றுவது, டைமிங்கைச் சரிசெய்வது போன்றவற்றைத் தெருமுனை மெக்கானிக்கே செய்து முடிப்பார். அந்நாளில் பராமரிப்புக்கும் மாற்றத்துக்கும் இடையே தெளிவான கோடு இருக்கவில்லை. 2009இல் இந்தியச் சந்தைக்கு வந்த கிளாசிக் 500 மின்னணு எரிபொருள் செலுத்து முறையைக் கொண்டிருந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் நிறுவனத்தின் எல்லா வண்டிகளும் அம்முறைக்கு மாறின. பழைய பழக்கம் அப்படியே தொடர்ந்தது. ஆனால் வண்டி மாறிவிட்டது. இன்று எழும் தகராறுகளுள் பல இந்த இடைவெளியில் பிறப்பவையே.

உத்தரவாதத்தின் தன்மை

உத்தரவாதம் என்பது வாகனம் பழுதாகாது என்ற உறுதி அன்று. பழுதான பாகத்தைச் செப்பனிட்டோ மாற்றியோ தருவதற்கான உறுதி மட்டுமே. கார் ஒன்றின் கிளட்ச் குறைபாடு தொடர்பாக 2006இல் வழங்கிய தீர்ப்பில் (மாருதி உத்யோக் எதிர் சுசீல் குமார் கப்கோத்ரா) உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. உத்தரவாத நிபந்தனை பாகத்தை மாற்றித் தருவதாக இருக்கும்போது, அதன் அடிப்படையில் முழு வாகனத்தையும் மாற்றித் தரக் கோர முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம் ஆகும்.

உத்தரவாதப் புத்தகங்கள் பொதுவாகச் சில நேர்வுகளை விலக்கி வைக்கின்றன. பந்தயப் பயன்பாடு, அளவுக்கு மீறிய சுமை, குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யாமை, நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாத பாகங்களைப் பொருத்துதல், வடிவமைப்பை மாற்றுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். பிரேக் கட்டை, கிளட்ச் தட்டு போன்று தேய்வதற்கென்றே அமைந்த பாகங்களும் பெரும்பாலும் விலக்கப்படுகின்றன. டயர், பேட்டரி முதலியவற்றுக்கு அவற்றைத் தயாரித்தவர்களே தனியாக உத்தரவாதம் அளிப்பது வழக்கம். சுற்றுச்சூழலால் நேரும் துருவும் விலக்குப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும். உப்புக் காற்று ஓயாமல் வீசும் எண்ணூர்க் கரையில் வண்டி வைத்திருப்பவர் எதையும் மாற்றாமலேயே எதிர்கொள்ளும் விலக்கு இது.

இவ்விலக்குகள் இரு வகையாக எழுதப்படுகின்றன. ஒன்று, ஒப்புதலற்ற மாற்றத்தால் விளைந்த பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்பது. மற்றொன்று, மாற்றம் செய்யப்பட்ட வாகனத்துக்கு உத்தரவாதமே இல்லை என்பது. இரண்டுக்கும் சொற்களில் சிறு வேறுபாடுதான். பணத்தில் வேறுபாடு பெரிது. முதல் வகையில் உரிமையாளர் ஒரு பாகத்துக்கான உரிமையை இழக்கிறார். இரண்டாம் வகையில் எஞ்சின் முதல் மீட்டர் வரை அனைத்துக்குமான உரிமையை இழக்கிறார். விலை கொடுத்து வாங்கப்படும் நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம் தனியொரு ஒப்பந்தமாதலால் அதன் விலக்குகளைத் தனியே படித்தறிய வேண்டும்.

காரணத் தொடர்பு

மோட்டார் சைக்கிள் ஒன்றில் எதிர்ப்பு குறைந்த சைலன்சர் பொருத்தப்பட்டதாகக் கொள்வோம். முன் போர்க்கில் ஆயில் சீல் கசிந்தால் அதற்கும் சைலன்சருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆனால் பிஸ்டன் இறுகினாலோ எக்ஸாஸ்ட் வால்வு கருகினாலோ நிலைமை வேறு. புகைபோக்கியில் எதிர்ப்பு குறையும்போது சிலிண்டருக்குள் செல்லும் காற்றின் அளவு மாறுகிறது. அதற்கேற்பப் பெட்ரோல் கூடாவிட்டால் கலவை மெலிந்து வெப்பம் உயரும். பெட்ரோல் எஞ்சினில் ஒரு பங்கு எரிபொருள் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. புகைபோக்கியிலுள்ள ஆக்சிஜன் உணரி இந்த விகிதத்தைக் கண்காணித்து, ஒரு வரம்புக்குள் கலவையைத் திருத்தும். எனினும் ஆக்சிலரேட்டரை முழுதும் முறுக்கி ஓட்டும்போது பல வண்டிகளில் அத்திருத்தம் செயல்படுவதில்லை. ஆலையில் எழுதப்பட்ட அட்டவணைப்படியே எரிபொருள் செல்லும். எஞ்சினின் வெப்பம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். வினைவேக மாற்றியை விட்டுவிட்டு அதற்குப் பின்னுள்ள பகுதியை மட்டும் மாற்றினால் விளைவு பொதுவாகக் குறைவு. வினைவேக மாற்றியையே கழற்றி எறிந்தால் விளைவு மிகுதி. அதோடு அது மாசு விதி மீறலும் ஆகிறது.

மின்சுற்றில் காரணத் தொடர்பை நிறுவுவது எளிது. 60 வாட் முகப்பு விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதே இடத்தில் 100 வாட் விளக்கைப் பொருத்தினால் அது 8.3 ஆம்பியராக உயர்கிறது. ரிலே இல்லாமல் பழைய கம்பியிலேயே இது பாய்ந்தால் சுவிட்சும் இணைப்பானும் சூடேறி உருகும். உருகிய இடமும் ஒட்டுப்போட்ட கம்பியும் சர்வீஸ் நிலையத்தில் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஹாரன், பனி விளக்கு, அலாரம் ஆகியவற்றுக்காகக் கம்பியை வெட்டி இணைத்த ஒரே காரணத்துக்காக மின்பாகங்கள் அனைத்துக்குமான கோரிக்கை மறுக்கப்படுவதும் உண்டு. ஆலை தந்த இணைப்பானில் செருகும்படி அமைந்த துணைக்கருவிகள் இவ்வகையில் பாதுகாப்பானவை.

அளவு மாறிய சக்கரமும் டயரும் சக்கர பேரிங், சஸ்பென்ஷன், வேகமானியின் துல்லியம் ஆகியவற்றோடு தொடர்புடையவை. ஸ்டிக்கர், இருக்கை உறை, பயணப் பெட்டி போன்றவற்றுக்கு எந்தப் பழுதோடும் தொடர்பு கற்பிப்பது கடினம்.

மென்பொருள் மாற்றம்

டர்போ பொருத்திய டீசல் எஞ்சின்களில், இ.சி.யு. எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியிலுள்ள அட்டவணையைத் திருத்தி எழுதுவதன் மூலம் எந்தப் பாகத்தையும் மாற்றாமலேயே திறனைக் கணிசமாக உயர்த்த முடியும். இது ரீமேப் எனப்படுகிறது. டர்போவின் அழுத்தமும் செலுத்தப்படும் டீசலின் அளவும் கூடுவதால் முறுக்குவிசை உயர்கிறது. அவ்விசை முழுவதையும் கிளட்ச், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் ஆகியவை தாங்கியாக வேண்டும். ஆகவே பிற மாற்றங்களைவிட இதன் நிழல் நீளமானது. சைலன்சர் எஞ்சினோடு நின்றுவிடும். ரீமேப்போ சக்கரம் வரையுள்ள ஒவ்வொரு பாகத்தையும் ஐயத்துக்கு உட்படுத்துகிறது.

பழைய மென்பொருளைத் திரும்ப எழுதிவிட்டால் தடயம் இருக்காது என்பது பொதுவான நம்பிக்கை. பல நிறுவனங்களின் கருவிகள் எத்தனை முறை எழுதப்பட்டன என்ற எண்ணிக்கையையும் மென்பொருளின் சரிபார்ப்புக் கூட்டுத்தொகையையும் பதிவு செய்கின்றன. நிறுவனத்தின் பதிவேட்டிலுள்ள எண்ணிக்கையோடு அது பொருந்தாவிட்டால் மாற்றம் வெளிப்பட்டுவிடும். உணரிக்கும் இ.சி.யு.வுக்கும் நடுவே செருகப்படும் துணைப்பெட்டிகள் இத்தகைய தடயத்தை விடுவதில்லை. ஆயினும் வழக்கத்துக்கு மாறான அளவீடுகள் பழுதுக் குறியீடுகளாக நினைவகத்தில் தங்கக்கூடும்.

லாரிகள்

கனரக வாகனங்களில் மாற்றம் விதிவிலக்கு அன்று, அதுவே வழக்கம். பெரும்பாலான லாரிகள் அடிச்சட்டமாகவே விற்கப்படுகின்றன. கூண்டையும் சரக்குப் பெட்டியையும் நாமக்கல், கரூர் போன்ற ஊர்களிலுள்ள பாடி கட்டும் பட்டறைகள் அமைக்கின்றன. எனவே லாரியின் உத்தரவாதம் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அடிச்சட்டம், எஞ்சின், அச்சு ஆகியவை தயாரிப்பாளரின் பொறுப்பு. பாடியோ பட்டறையின் பொறுப்பு. பாடியை இறுக்குவதற்காக அடிச்சட்டத்தில் துளையிட்டாலோ வெல்டிங் செய்தாலோ, பின்னர் அச்சட்டத்தில் தோன்றும் விரிசல் யாருடைய பொறுப்பு என்ற வழக்கு எழுகிறது. இதனால் எவ்விடத்தில் துளையிடலாம், எவ்விடத்தில் கூடாது என்பதை வரையறுக்கும் பாடி கட்டுதல் வழிகாட்டிகளை நிறுவனங்கள் வெளியிடுகின்றன.

பி.எஸ். 6 லாரிகளில் புதியதொரு மாற்றம் பரவியுள்ளது. இவற்றின் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க, 32.5 விழுக்காடு யூரியா கொண்ட டி.இ.எஃப். எனும் கரைசல் புகைபோக்கிக்குள் தெளிக்கப்படுகிறது. கரைசல் தீர்ந்தாலோ அமைப்பு பழுதானாலோ இ.சி.யு. எஞ்சினின் முறுக்குவிசையைக் குறைத்துவிடும். துறைமுக நுழைவாயிலை நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் நெடுநேரம் வரிசையில் நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலை போன்ற இடங்களில் விசை குறைந்த லாரி என்பது உரிமையாளருக்கு இழந்த நடைக்கூலி ஆகும். கரைசல் இருப்பதாக இ.சி.யு.வை ஏமாற்றும் சிறு கருவிகள் இதனாலேயே விற்பனையாகின்றன. பொருத்தியவர் கரைசலின் செலவை மிச்சப்படுத்துகிறார். ஆனால் பயன்படுத்தப்படாத தெளிப்பானில் யூரியா படிகம் இறுகி அடைப்பு ஏற்படுகிறது. லாரியின் விலை மிகுந்த பாகங்களுள் ஒன்றான புகைச் சுத்திகரிப்பு அமைப்புக்கு அதன்பின் உத்தரவாதம் கோருவது ஏறத்தாழ இயலாது.

அளவுக்கு மீறிய சுமை மாற்றம் ஆகாது. எனினும் உத்தரவாத மறுப்பில் அதற்கும் இதே தருக்கம் பொருந்துகிறது. எடை மேடைச் சீட்டு இங்கே சான்றாகிறது. துறைமுகத்துக்குள் செல்லும் சரக்குக்கு எடைச் சீட்டு இருந்தே தீரும் என்பதால் இச்சான்று பிற இடங்களைவிட இப்பகுதியில் எளிதில் கிடைக்கும்.

இந்தியச் சட்டநிலை

இவ்விடயத்தில் இரு வேறு சட்டங்கள் அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

முதலாவது மோட்டார் வாகனச் சட்டம், 1988. இதன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 சனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இப்பிரிவின் தடையை உறுதி செய்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 182அ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். கார்களின் முன்புறத்தில் பொருத்தப்படும் இரும்புத் தடுப்புகளும் 52ஆம் பிரிவுக்கு முரணானவை என 2017 டிசம்பரில் நடுவண் அரசு அறிவித்தது.

இச்சட்டம் அரசுக்கும் உரிமையாளருக்கும் இடையிலானது. உத்தரவாதமோ நிறுவனத்துக்கும் வாங்கியவருக்கும் இடையிலான ஒப்பந்தம். சட்டப்படி குற்றமான மாற்றம் தானாகவே உத்தரவாதத்தை அழிப்பதில்லை. அதுபோலவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறையாகப் பதியப்பட்ட எரிவாயுக் கருவி உத்தரவாதத்தைக் காப்பாற்றும் என்பதும் இல்லை. அனுமதி ஒன்று, உத்தரவாதம் வேறொன்று.

இரண்டாவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. உத்தரவாத மறுப்பை எதிர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். முறையிடுபவர் தாம் வாழும் இடத்திலுள்ள ஆணையத்தையே அணுகலாம் என்பது இச்சட்டம் தந்த வசதி. ஆனால் வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகார். தன் பிழைப்புக்காகச் சுயதொழிலாக ஒரு லாரி ஓட்டுபவருக்கு இவ்விலக்கு பொருந்தாது. பல லாரிகளைக் கூலிக்கு ஆள் வைத்து ஓட்டும் நிறுவனம் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருக்கும். துறைமுகப் பகுதியில் இந்த வேறுபாடு ஏட்டளவானது அன்று.

இதே சட்டத்தின் 87ஆம் பிரிவு, தீங்கு நேர்ந்த வேளையில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ இருந்தால் விற்பனையாளர் மீது பொருள் பொறுப்பு வழக்குத் தொடர முடியாது என்கிறது. இது விபத்து, உடற்காயம் போன்ற தீங்குகளுக்கான இழப்பீட்டைப் பற்றியது. உத்தரவாதச் செப்பனிடலை இது நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை.

போட்டி ஆணையத்தின் ஆணை

காரணத் தொடர்புக் கொள்கைக்கு மிக அருகில் வரும் இந்திய ஆவணம் நுகர்வோர் சட்டத்திலிருந்து வரவில்லை என்பது வியப்புக்குரியது. 2014 ஆகத்து 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம், உதிரிப் பாகங்களையும் பழுதறி கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறையில் பழுதுபார்த்தால் உத்தரவாதம் முழுவதும் ரத்தாகும் என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை விதிக்கக்கூடாது என்றும், வெளிப் பட்டறையின் தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே உத்தரவாதத்தை மறுக்கலாம் என்றும் ஆணையம் பணித்தது. ஆணை மேல்முறையீடுகளுக்கு உள்ளானது. 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்களைப் பொறுத்தவரை அதனை உறுதி செய்து, அபராதக் கணக்கை மட்டும் குறைத்தது.

இவ்வாணைக்கு இரு வரம்புகள் உள்ளன. இது வெளிப் பட்டறையில் பழுதுபார்ப்பதைப் பற்றியதே தவிரத் திறன் கூட்டும் மாற்றங்களைப் பற்றியது அன்று. மேலும் அந்த 14 நிறுவனங்களும் கார் தயாரிப்பாளர்கள். திருவொற்றியூரின் மோட்டார் சைக்கிள் நிறுவனமும் எண்ணூரின் லாரி நிறுவனமும் அப்பட்டியலில் இல்லை. நடுவண் அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளம் வாகனத் துறையையும் உள்ளடக்கியது. ஆனால் அது தகவல்களைத் திரட்டித் தரும் தளமே. உரிமையை உண்டாக்கும் சட்டம் அன்று.

மெய்ப்பிக்கும் பொறுப்பு

உற்பத்திக் குறைபாடு உள்ளது என்பதை நுகர்வோர் காட்ட வேண்டும். விலக்கு நிபந்தனையை நாடும் நிறுவனம் அந்நிபந்தனை பொருந்துவதைக் காட்ட வேண்டும். ஏட்டில் உள்ள இந்தச் சமன்பாடு நடைமுறையில் நிறுவனத்தின் பக்கமே சாய்கிறது. பழுதான எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது நிறுவனத்தின் சர்வீஸ் நிலையம், இ.சி.யு.வைப் படிக்கும் கருவியும் அங்கேதான் உள்ளது. இச்சாய்வை ஈடுசெய்யச் சட்டத்தின் 38ஆம் பிரிவு ஒரு வழி தருகிறது. ஆய்வில்லாமல் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாத நேர்வில் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடலாம். அதற்கான கட்டணத்தை முறையிடுபவர் முதலில் செலுத்த வேண்டும்.

ஆகவே இத்தகைய வழக்குகளில் தாள்களே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. மறுப்புக்கான காரணம் எழுத்தில் உள்ளதா, எந்த மாற்றம் எந்தப் பழுதை உண்டாக்கியது என்று அதில் கூறப்பட்டுள்ளதா, ஜாப் கார்டில் வண்டியின் நிலை எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்பவை ஆராயப்படும். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட மறுப்பை எதிர்த்து வாதாடுவது கடினம். பழுதான பாகத்தைச் சர்வீஸ் நிலையமே வைத்துக்கொண்டால் பின்னர் ஆய்வுக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. புதுப்பேட்டைச் சந்தையில் விற்றுவிட்ட அசல் சைலன்சரும் அவ்வாறே.

பிற நாடுகள்

அமெரிக்காவில் 1975இல் இயற்றப்பட்ட மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோ பயன்படுத்தினால்தான் உத்தரவாதம் செல்லும் என்ற நிபந்தனையைப் பொதுவாகத் தடை செய்கிறது. நிறுவனம் அவற்றை இலவசமாகத் தந்தால் விலக்கு உண்டு. 2022 சூனில் அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் உத்தரவாத வாசகங்கள் இச்சட்டத்துக்கு முரணானவை எனக் கண்டு, வெளிப் பாகங்களைப் பயன்படுத்துவதால் மட்டும் உத்தரவாதம் ரத்தாகாது என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவிக்கச் செய்தது.

அதே நிறுவனத்தின் மற்றொரு வழக்கு நிறுவன ஒப்புதலின் எல்லையைக் காட்டுகிறது. மோட்டார் சைக்கிளின் திறனைக் கூட்டும் மின்னணுக் கருவிகளை ஹார்லி டேவிட்சன் தானே விற்று வந்தது. அவை மாசு வரம்பை மீறச் செய்கின்றன எனச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குற்றஞ்சாட்டியதைத் தொடர்ந்து, 2016இல் 1.2 கோடி டாலர் அபராதத்துக்கு அந்நிறுவனம் உடன்பட்டது. தயாரிப்பாளரே விற்ற கருவியும் சட்டப்படி ஏற்புடையதாக இருக்கும் என்று கொள்ள முடியாது.

ஒப்புதல் பெற்ற துணைக்கருவிகள்

மாற்ற விரும்பும் வாடிக்கையாளர்களை வெளிப் பட்டறைகளிடம் இழக்காதிருக்க நிறுவனங்கள் தாமே துணைக்கருவிகளை விற்கின்றன. ராயல் என்ஃபீல்டு 2020இல் அறிமுகப்படுத்திய திட்டத்தின்படி, வண்டியைப் பதிவு செய்யும்போதே நிறம், இருக்கை, கண்ணாடி, பாதுகாப்புக் கம்பி முதலியவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். இவ்வாறு பொருத்தப்படுபவை நிறுவனத்தின் உத்தரவாதத்தோடு முரண்படுவதில்லை. விலை வெளிச்சந்தையைவிடக் கூடுதலாக இருப்பது வழக்கம். எஞ்சினின் திறனைக் கூட்டும் ரீமேப் போன்றவை பொதுவாக இத்தகைய பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. ஆகவே சாலையில் ஓடும் வண்டிக்குக் கூடுதல் திறன் நாடுபவர், இன்றைய நிலையில், எஞ்சின் சார்ந்த உத்தரவாதத்தைத் துறந்தே அதனைப் பெறுகிறார்.